வரையக் கற்றுக்கொடுக்காத ஓவிய வகுப்பு: முதுநிலை இல்லஸ்ட்ரேஷன் படிப்பில் உண்மையில் என்ன நடக்கிறது?

நன்றாக வரையத் தெரிந்த ஒருவர் இளநிலைப் பட்டம் முடித்து, ஓரிரு ஆண்டு வேலையும் பார்த்துவிட்டு, முதுநிலை இல்லஸ்ட்ரேஷன் வகுப்பில் சேர்கிறார். முதல் மாதமே குழப்பம். உடற்கூறு வரைதல் பாடம் இல்லை. வாட்டர்கலர் பாடம் இல்லை. மென்பொருள் பயிற்சி இருந்தாலும் அது விருப்பப்பட்டால் போகிற வகுப்பு. அதற்குப் பதில், “உங்கள் கேள்வி என்ன?” என்று வாரம் தவறாமல் கேட்கிறார்கள்.

கை இன்னும் தேற வேண்டும் என்று நினைத்துச் சேர்பவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு, இப்படி ஒரு படிப்பு எதற்கு என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஒருவர் ஏற்கெனவே வரைகிற படத்தை ஏன் அப்படி வரைகிறார் என்று அவரையே கேட்க வைப்பதும், கிடைத்த பதிலைக் கொண்டு அடுத்த படத்தை மாற்ற வைப்பதும்தான் முதுநிலைப் படிப்பின் வேலை. பாடத்திட்டம், மதிப்பெண், சேர்க்கை எல்லாம் இதைச் சுற்றியே அமைக்கப்பட்டிருக்கின்றன.

## இல்லஸ்ட்ரேஷன் என்பது எது?

ஒரு கதையோ தகவலோ வாதமோ முன்னால் இருக்கிறது. அது ஒரு குறிப்பிட்ட வாசகருக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காக வரையப்படும் படம் இல்லஸ்ட்ரேஷன். சுவரில் தனியாக நிற்கும் ஓவியத்துக்கு இந்தக் கடமை கிடையாது.

சிறார் படநூல், பத்திரிகைக் கட்டுரைக்கான படம், காமிக்ஸ், நிகழ்விடத்துக்கே போய் வரையும் பதிவு ஓவியம் ஆகியவை முதுநிலையில் அதிகம் காணப்படும் கிளைகள். மருத்துவ இல்லஸ்ட்ரேஷனைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் நுழைவாயிலே வேறு. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் ப்ரோடல் 1911இல் தொடங்கிய துறைதான் இந்தப் படிப்புகளுக்கு முன்னோடி. இதில் சேர உயிரியல், உடற்கூறியல் பாடங்களைக் கல்லூரி அளவில் படித்திருக்க வேண்டும். சேர்ந்த பிறகு உடற்கூறு ஆய்வுக்கூடப் பாடமும் உண்டு. வட அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இத்தகைய முதுநிலைப் படிப்புகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். பொதுவான இல்லஸ்ட்ரேஷன் படிப்பில் சேர்ந்துகொண்டு பிறகு மருத்துவப் பக்கம் திரும்பலாம் என்று திட்டமிடுவது பெரும்பாலும் நடக்காது.

## பட்டத்தின் பெயரும் கிரெடிட் கணக்கும்

கையேடுகளைப் படிக்கும்போது முதலில் குழப்புவது எண்கள்தான். ஒரு நாட்டில் 180 கிரெடிட், இன்னொன்றில் 90, வேறொன்றில் 60. 180தான் பெரிய படிப்பு என்று தோன்றும். அப்படியல்ல, அளவுகோல்கள் வேறு வேறு.

1. பிரிட்டனில் முதுநிலைப் பட்டம் பொதுவாக 180 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 10 மணி நேர உழைப்பு என்று கணக்கு. மொத்தம் 1,800 மணி நேரம். ஓராண்டில் 45 வாரம் வேலை செய்தால் வாரத்துக்கு 40 மணி நேரம்.
2. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் முழுநேரப் படிப்பின் ஓராண்டு 60. ஒரு கிரெடிட் 25 முதல் 30 மணி நேரம். பிரிட்டனின் இரண்டு கிரெடிட் இங்கே ஒன்று; அந்த 180 இங்கே 90.
3. அமெரிக்காவில் எம்.எஃப்.ஏ. எனப்படும் நுண்கலை முதுநிலைப் பட்டம் பெரும்பாலும் 60 செமஸ்டர் கிரெடிட். வழக்கமாக இரண்டு ஆண்டு. இந்த 60ஐ ஐரோப்பிய 60ஓடு ஒப்பிடக் கூடாது.

இந்த மணி நேரங்களில் ஆசிரியர் எதிரில் இருப்பது சிறு பகுதிதான். மீதியை மாணவர் ஸ்டுடியோவிலும் அச்சுக்கூடத்திலும் நூலகத்திலும் தானாகவே நிரப்ப வேண்டும். வாரத்தில் ஐந்து நாளும் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு ஓராண்டு முழுநேரப் படிப்பை முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இரண்டாவது பருவத்தில் திணறுவது இதனால்தான். அவர்களுக்கு, இரண்டாண்டில் முடிக்கும் பகுதிநேரப் படிப்பே பொருத்தம்.

எம்.ஏ.வுக்கும் எம்.எஃப்.ஏ.வுக்கும் உள்ள வேறுபாடு பெயரளவில் மட்டும் அல்ல. ஸ்டுடியோ கலைகளில் எம்.எஃப்.ஏ.வை நிறைவுப் பட்டமாக, அதாவது துறையின் உச்சப் பட்டமாக, அமெரிக்கா எடுத்துக்கொள்கிறது. கல்லூரியில் கற்பிக்க அங்கே கேட்கப்படுவது பொதுவாக இதுதான். அங்கே கற்பிப்பது உங்கள் திட்டம் என்றால் ஓராண்டு எம்.ஏ. போதாமல் போகலாம். புத்தகம் வரைவது மட்டும்தான் திட்டம் என்றால் பட்டத்தின் பெயரைப் பதிப்பாளர் பார்ப்பதில்லை.

படிப்புகளின் குணமும் மாறுபடும். நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸில் மார்ஷல் அரிஸ்மன் 1984இல் தொடங்கிய எம்.எஃப்.ஏ., ஓவியரைத் தன் சொந்தக் கதையைத் தானே எழுதி வரைபவராகப் பார்க்கிறது. கேம்பிரிட்ஜில் ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. சிறார் நூலுக்கென்றே உருவானது. அதைக் கட்டியெழுப்பியவர் மார்ட்டின் சாலிஸ்பரி. இரண்டும் ‘முதுநிலை இல்லஸ்ட்ரேஷன்’தான். ஒன்றுக்கு எழுதிய விண்ணப்பத்தை அப்படியே மற்றொன்றுக்கு அனுப்பினால் அங்கே பொருந்தாமல் போகும்.

## “உங்கள் கேள்வி என்ன?”

கலை, வடிவமைப்புத் துறைகளில் ஆய்வு என்றால் என்ன என்பதற்கு, லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் இருந்த கிறிஸ்டோபர் ஃபிரேலிங் 1993இல் முன்வைத்த பிரிப்பு இன்றும் வகுப்பறைகளில் பயன்படுகிறது. கலையைப் பற்றிய ஆய்வு: வரலாறு, கோட்பாடு. கலைக்கான ஆய்வு: ஒரு படம் வரைவதற்காகத் தகவலும் மாதிரிகளும் திரட்டுவது. கலையின் வழியே ஆய்வு: வரைவதையே சோதனை முறையாக வைத்துக்கொள்வது. முதுநிலைப் படிப்பு எதிர்பார்ப்பது பெரும்பாலும் மூன்றாவதை. மாணவர்கள் செய்து காட்டுவதோ இரண்டாவதை. குறிப்புப் படங்களை ஒட்டி நிரப்பிய பலகையை ஆய்வு என்று கொண்டுவந்து வைக்கிறார்கள்.

பெரிய தலைப்பு ஒன்று கேள்வியாக இறங்கி வருவது இப்படி:

1. தொடக்கம்: “நினைவும் படமும்.” இதில் பத்து ஆண்டு வேலை இருக்கிறது, எங்கே தொடங்குவது என்று தெரியாது.
2. ஆட்கள் வருகிறார்கள்: முதியவர்கள், தாங்கள் விட்டுவந்த வீட்டை நினைவுகூர்வது.
3. படத்துக்கு மட்டுமே உரிய வேலை: அந்த வீட்டுக்குப் புகைப்படம் கிடையாது. அவர் சொல்லச் சொல்ல ஓவியர் வரைகிறார். “ஜன்னல் இவ்வளவு பெரிசு இல்ல” என்று அவரே திருத்துகிறார்.
4. கேள்வி: திருத்தும்போது அழித்த கோடுகளை அப்படியே விட்டுவைத்தால், நினைவின் தடுமாற்றம் வாசகருக்குத் தெரியுமா? அல்லது படம் வெறுமனே அழுக்காகத்தான் தெரியுமா?
5. சோதனை: ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு அமர்வு. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு படம். ஒன்றில் அழித்த கோடுகள் இருக்கும், மற்றதில் இருக்காது. இரண்டையும் வேறு வாசகர்களிடம் காட்டி, அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்பது.

ஐந்தாவது படிக்கு வந்துவிட்டால் ஓராண்டு வேலை கையில் இருக்கிறது. மூன்றாவது படியில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். படமே இல்லாமல் எழுத்திலேயே பதில் சொல்லிவிடக் கூடிய கேள்வியை எடுத்துக்கொண்டால், வருடக் கடைசியில் ஒரு கட்டுரையும் அதற்கு அலங்காரமாகச் சில படங்களும்தான் மிஞ்சும். பதில் முன்பே தெரிந்த கேள்வியும் இப்படித்தான். “படங்கள் குழந்தைகளுக்கு உதவுமா?” என்பதற்கு யாரும் இல்லை என்று சொல்லப் போவதில்லை.

மேலே சொன்ன சோதனையில் ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. மனிதர்களைப் பேச வைத்து அதை ஆய்வுக்குப் பயன்படுத்தினால் பல்கலைக்கழகத்தின் நெறிமுறை ஒப்புதல் வேண்டும். பங்கேற்பவரின் சம்மதப் படிவம், பெயரை மறைக்கும் முறை, பதிவுகள் எங்கே எவ்வளவு காலம் வைக்கப்படும் என்ற விவரம் எல்லாம் கேட்பார்கள். குழந்தைகள், நோயாளிகள் என்றால் பரிசீலனை இன்னும் கடுமையாகும், வாரக்கணக்கில் நீளும். ஒப்புதல் வருவதற்கு முன்பே பேட்டி எடுத்து வரைந்துவிட்டால் அந்தப் பொருளை ஆய்வில் சேர்க்க முடியாமல் போகலாம். முதல் பருவத்திலேயே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

## ஒரு ஸ்ப்ரெட்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம்

எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்தது ஸ்ப்ரெட். படநூல் வழக்கமாக 32 பக்கம். பெரிய தாளில் அச்சிட்டு மடிக்கும்போது 8, 16 என்ற மடங்குகளில்தான் பக்கங்கள் கிடைக்கும். அந்த 32க்குள்ளேயே அட்டையோடு ஒட்டும் தாளும் அடங்கினால் 1, 32 ஆகிய பக்கங்கள் அட்டைக்குப் போய்விடும். 2-3, 30-31 அட்டையை அடுத்து வரும் ஓரத்தாள்கள். 4, 5 பதிப்பு விவரத்துக்கும் தலைப்புக்கும். கதைக்கு மிஞ்சுவது 6 முதல் 29 வரை, 12 ஸ்ப்ரெட். இதைக் கணக்கில் எடுக்காமல் 16 ஸ்ப்ரெட்டுக்குக் கதையைப் பிரித்துவிட்டு, இறுதிப் படங்கள் வரைந்த பிறகு நான்கைத் தூக்கிப்போட நேர்பவர்கள் உண்டு.

இப்போது ஒரு ஸ்ப்ரெட். அதற்கான வரி: “அவள் கதவைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை.”

முதல் வரைவில் சிறுமி கதவருகில் நிற்கிறாள். அறை காலியாக இருக்கிறது. வரி சொன்னதையே படமும் சொல்கிறது. வாசகருக்கு வேலை இல்லை. இரண்டாவது வரைவில் காலி அறையின் மேசையில் ஒரு கோப்பை, அதிலிருந்து ஆவி. யாரோ இப்போதுதான் போயிருக்கிறார். மூன்றாவது வரைவில் திரைச்சீலைக்குக் கீழே இரண்டு பாதங்கள். வரி பொய்யாகிவிட்டது, சிறுமிக்குத் தெரியாதது வாசிக்கும் குழந்தைக்குத் தெரிந்துவிட்டது. குழந்தை கத்தும் இடம் இது.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்த மாணவர் திரையை ஸ்ப்ரெட்டின் நடுவில் வைக்கிறார். கணினியில் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்து 32 பக்க டம்மி (மாதிரி நூல்) செய்து ஒட்டிப் பார்த்தால் பாதங்கள் தைப்பு மடிப்புக்குள் போய்விட்டன. கதையின் மொத்த விஷயமும் அங்கே விழுங்கப்படுகிறது. சரி, இடது பக்கத்துக்கு மாற்றலாமா? கண் இடமிருந்து வலமாகப் போகிறது. பாதங்களை முதலில் பார்த்துவிட்டால், சிறுமி நுழைவதற்குள் வேடிக்கை தீர்ந்துவிடும். வலது ஓரத்துக்குத் தள்ளினால் வேறு ஆபத்து. வெட்டும் கோட்டுக்கு வெளியே படத்தை 3 மி.மீ. கூடுதலாக நீட்டி பிளீட் விட்டிருந்தாலும் வெட்டும் இயந்திரம் ஓரிரு மி.மீ. நகரும், ஓரத்தை ஒட்டி இருக்கும் பெருவிரல் போய்விடும். ஆகவே கதவும் சிறுமியும் இடது பக்கம், திரை வலது பக்கத்தின் நடுப்பகுதியைத் தாண்டி, பாதங்கள் ஓரத்திலிருந்து 2 செ.மீ. உள்ளே.

இன்னும் ஒன்று பாக்கி. இருண்ட சுவரின் மேல் வரியை வெள்ளை எழுத்தில் வைத்திருக்கிறார். பார்க்க அழகு. ஆனால் நான்கு நிற அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தகடு; இந்த நூல் வேறு மொழிகளில் வரும்போது எழுத்தைக் கருப்புத் தகட்டில் மட்டும் மாற்றிவிட்டு, மற்ற நிறத் தகடுகளை அப்படியே பயன்படுத்துவதுதான் வழக்கம். எழுத்து வெள்ளையாக இருந்தால் அது எல்லா நிறத் தகட்டிலும் ஓட்டையாக இருக்கிறது. மொழிக்கு மொழி நான்கு தகடும் மாற வேண்டும். செலவைக் கேட்டதும் வெளிநாட்டுப் பதிப்பாளர் பின்வாங்கலாம். சுவரின் மேற்பகுதியை வெளுப்பாக்கி, எழுத்தைக் கருப்பாக்கி, தனி லேயரில் வைக்க வேண்டும்.

இந்த ஒரு ஸ்ப்ரெட்டில் எடுத்த முடிவுகளில் ஒன்றுகூட ‘நன்றாக வரைவது’ பற்றியது இல்லை. முதுநிலை வகுப்பு நேரம் செலவிடுவது இவற்றில்தான்.

## கிரிட், பதிவேடு, மதிப்பெண்

வேலையைச் சுவரில் மாட்டி எல்லோரும் சேர்ந்து பேசும் அமர்வை கிரிட் என்பார்கள். சில வகுப்புகளில் வரைந்தவர் முதல் பத்து நிமிடம் வாய் திறக்கக் கூடாது. காரணம் எளிது: புத்தகத்தோடு ஓவியரும் வாசகர் வீட்டுக்குப் போய் விளக்கம் சொல்லப் போவதில்லை. மற்றவர்கள் படத்தில் எதைப் பார்த்தார்கள் என்று அவர் எழுதிக்கொள்வதுதான் அந்தப் பத்து நிமிடத்தின் பயன். முடிந்த படத்தை மட்டும் மாட்டுபவர் அதிகம் பெறுவதில்லை, மாற்ற முடியாத கட்டத்துக்கு வேலை வந்துவிட்டிருக்கும். தம்ப்நெயில் எனப்படும் தீப்பெட்டி அளவு வரைவுகள் இருபதை மாட்டினால் பேச்சு சூடு பிடிக்கும்.

மதிப்பெண் பெரும்பாலும் மூன்று இடத்தில் பிரியும்: படைப்பு, கட்டுரை, செய்முறைப் பதிவேடு. அலட்சியத்தால் மதிப்பெண் போவது பதிவேட்டில். “இன்று பின்னணிக்குப் பச்சை பூசினேன், திருப்தியாக இருந்தது” என்பது நாட்குறிப்பு. பதிவேட்டுக்கு நான்கு விவரம் போதும்: எதை முயன்றேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது, அதனால் எதை மாற்றினேன். “அறையைப் பச்சையாக்கினேன், பயம் வரும் என்று எண்ணினேன், பார்த்த ஆறு பேரில் நால்வர் தோட்டம் என்றார்கள், ஜன்னலை எடுத்துவிட்டுப் பச்சையை வைத்துக்கொண்டேன்.” அன்றன்று எழுதாவிட்டால் இந்த விவரங்கள் கடைசி மாதத்தில் நினைவுக்கு வராது, வந்தாலும் எல்லாம் திட்டமிட்டே நடந்ததுபோல் வரும். படித்துப் பழகிய ஆசிரியர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

## சேர்க்கைக்கான போர்ட்ஃபோலியோ

போர்ட்ஃபோலியோ என்பது விண்ணப்பத்தோடு அனுப்பும் படைப்புத் தொகுப்பு. பல படிப்புகள் 15 முதல் 20 படம் வரை கேட்கின்றன. கூடவே ஸ்கெட்ச்புக் பக்கங்களும் ஆய்வு முன்மொழிவும். நிராகரிக்கப்படும் போர்ட்ஃபோலியோக்களில் திரும்பத் திரும்பக் காணும் குறைகள்:

- எல்லாம் மார்பளவு முகங்கள். இடமும் இல்லை, செயலும் இல்லை, இருவருக்கிடையே ஒன்றும் நடக்கவில்லை.
- தொடர் படங்கள் இல்லை. ஒரே பாத்திரம் ஓடும்போதும் அழும்போதும் முதுகைக் காட்டும்போதும் அதே ஆளாகத் தெரிகிறதா என்று பார்க்க வழியில்லை.
- பிரபல பாத்திரங்களின் ரசிகப் படங்கள். கை திறமை தெரியும், யோசனை இன்னொருவருடையது.
- ஸ்கெட்ச்புக் என்ற பெயரில் சுத்தமாக மறுபடி வரைந்த பக்கங்கள். தேர்வாளர் தேடுவது தவறிப்போன வரைவையும் அதைத் திருத்திய தடத்தையும்தான்.
- ஐந்து பாணியில் ஐந்து படம். பன்முகத் திறன் என்று வரைந்தவர் நினைப்பார். இன்னும் முடிவெடுக்கவில்லை என்று பார்ப்பவர் படிப்பார்.

தொடர் படங்களுக்கு ஏன் இத்தனை அழுத்தம் என்றால், ஒற்றைப் படம் அதிர்ஷ்டத்தாலும் அமையும். 1964 முதல் நடந்துவரும் போலோன்யா சிறார் நூல் கண்காட்சி, தன் ஓவியர் காட்சிக்கு விண்ணப்பிப்பவர்களிடம் கேட்பதும் ஐந்து படம் கொண்ட தொடரைத்தான்.

கோப்புத் தயாரிப்பில் ஒரு எச்சரிக்கை. 10 செ.மீ. அகலப் படத்தை 300 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்துவிட்டு 20 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால் பாதித் தெளிவுதான் கிடைக்கும். 600இல் எடுக்க வேண்டும். வாட்டர்கலரின் மெல்லிய பூச்சுகளை ஸ்கேனர் வெளுக்க வைத்துவிடும். மூலப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிறத்தைச் சரிசெய்த பிறகே அனுப்ப வேண்டும். கண்ணைப் பறிக்கும் ஃபுளோரசன்ட் இளஞ்சிவப்பு நான்கு நிற அச்சில் வரவே வராது; அது வேண்டும் என்றால் தனி மை.

## செயற்கை நுண்ணறிவு எங்கே வந்து நிற்கிறது?

சட்டத்திலிருந்து தொடங்கலாம். அமெரிக்கப் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகம் 2023 பிப்ரவரியில் ஒரு படக்கதை நூல் பற்றி முடிவு சொன்னது: எழுத்துக்கும் படங்களைத் தொகுத்து அடுக்கிய முறைக்கும் பாதுகாப்பு உண்டு, கருவி உருவாக்கிய தனிப்படங்களுக்கு இல்லை. 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், தற்போதைய கருவிகளைப் பொறுத்தவரை கட்டளை எழுதுவது மட்டுமே ஒருவரைப் படைப்பாளி ஆக்கப் போதாது என்று கூறியது.

ஓவியருக்கு இதன் விளைவு நேரடியானது. பதிப்பு ஒப்பந்தங்களில் பொதுவாக ஓர் உறுதிமொழி இருக்கும்: இந்தப் படம் என் சொந்தப் படைப்பு, அதன் உரிமை என்னிடம் இருக்கிறது. பதிப்புரிமையே இல்லாத படத்தை எப்படி உரிமம் கொடுப்பது? ஆகவே வரைவுகள், லேயர் கோப்புகள், தேதியிட்ட ஸ்கெட்ச்புக் ஆகியவை சான்றுகளாக மதிப்புப் பெறுகின்றன. படிப்புகளிலும் விதி ஒரே மாதிரி இல்லை. சில இடங்களில் எங்கே பயன்படுத்தினீர்கள் என்று அறிவித்தால் போதும். சில இடங்களில் இறுதிப் படைப்பில் அறவே கூடாது. அறிவிக்காமல் பயன்படுத்துவதைக் கல்வி முறைகேடாக எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு.

திரைக்குக் கீழே பாதங்களை எங்கே வைப்பது என்ற கேள்விக்குக் கருவி நூறு படம் தரும். அவற்றில் எது சரி, ஏன் சரி என்று சொல்லத் தெரிந்த ஆள் அப்போதும் தேவைப்படுகிறார்.

## இடம் கிடைத்த பிறகு, ஒப்புக்கொள்வதற்கு முன்

துறைக்கு எழுதிக் கேட்க வேண்டியவை இவை.

1. எனக்கென்று ஸ்டுடியோ மேசை உண்டா, எல்லோரும் மாறி மாறி உட்கார்வதா? எத்தனை மணி வரை திறந்திருக்கும்?
2. அச்சுக்கூடத்தில் என்ன இருக்கிறது: ஸ்கிரீன் அச்சு, ரிசோகிராஃப், லினோ, லித்தோ? பயிற்சி பெறக் காத்திருக்கும் பட்டியல் எவ்வளவு நீளம்?
3. தனி வழிகாட்டி அமர்வு பருவத்துக்கு எத்தனை முறை, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம்?
4. தாள், அச்சு, பைண்டிங், இறுதிக் காட்சி ஆகியவற்றின் செலவு கட்டணத்தில் சேர்ந்ததா? பெரும்பாலும் இல்லை.
5. படிப்பின்போது வரைந்த படங்களின் உரிமை யாருக்கு? பல இடங்களில் மாணவருக்கே. விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும் நிறுவனம் எடுத்துக்கொள்ளும். வெளி நிறுவனம் பணம் கொடுத்து நடத்தும் திட்டத்தில் இது மாறலாம். அந்தத் திட்டத்துக்கெனத் தனி ஒப்பந்தம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் அதன் படியை வாங்கிப் படிக்க வேண்டும்.
6. கடந்த ஆண்டு மாணவர்களின் முழு வேலையை, பதிவேடு உட்பட, பார்க்க முடியுமா? காட்சியில் வைத்த இறுதிப் படங்களை மட்டும் அனுப்பினால் பதிவேட்டையும் மறுபடி கேளுங்கள். அந்தத் துறை உண்மையில் எதைக் கற்றுக்கொடுக்கிறது என்பது அந்தப் பக்கங்களில்தான் தெரியும்.